சிபைத்தான் கம்பைல் ஆகாமல் நின்றால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

மண்டபம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கடலை ஒட்டிய ஒரு சிறிய அறையில், சனிக்கிழமைதோறும் சில மாணவர்களோடு உட்கார்ந்து பைத்தான் மொழியின் மூலநிரலைக் கம்பைல் செய்கிறோம், அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறோம். அதன் செந்தர நூலகத்துக்கு (மொழியோடு சேர்ந்தே வரும் மாட்யூல்கள், அதாவது ஆயத்த நிரல் கோப்புகள்) சிறு திருத்தங்களை அனுப்பவும் கற்றுக்கொள்கிறோம். தங்கச்சிமடத்திலிருந்தும் உச்சிப்புளியிலிருந்தும் வருகிறவர்கள் கொண்டுவரும் கணினிகளில் பாதிக்கு மேல் அண்ணனோ மாமாவோ பயன்படுத்திக் கைமாறியவை. ஒரே பழுதை ஆறாவது முறையாக நீக்கியபோது, இனி எழுதிவைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது. கீழே உள்ளவை சி மொழியில் எழுதப்பட்ட சிபைத்தானுக்கும் (பைத்தானின் முதன்மை இயக்கி), டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸுக்கும் பொருந்தும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், அதே கட்டளையை எதையும் மாற்றாமல் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே வரியில் நின்றால் பழுது நிரலிலோ அமைப்பிலோ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் கணினியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அறிகுறி: குளோன் பாதியில் அறுந்துபோகிறது

குளோன் என்பது மூலநிரலையும் அதன் மாற்றங்களின் வரலாற்றையும் வைத்திருக்கும் களஞ்சியத்தை 'கிட்' கருவியால் நம் கணினிக்கு நகலெடுப்பது. சிபைத்தான் களஞ்சியத்தில் 1990 ஆம் ஆண்டிலிருந்து வரலாறு இருக்கிறது. 2017 இல் கிட்ஹப் தளத்துக்கு மாறியபோது அந்த வரலாறும் கூடவே வந்தது. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் அத்தனையையும் ஒரே மூச்சில் இறக்க முயன்றால் 'எர்லி ஈஓஎஃப்' என்ற பிழையோடு நிற்பதும், பாதியில் அறுந்த குளோனை கிட் விட்ட இடத்திலிருந்து தொடராமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதும் இங்கே அன்றாடம் நடப்பவை.

செலவில்லாத வழி, 'டெப்த்' விருப்பத்தில் 1 என்று கொடுத்துக் கடைசி நிலையை மட்டும் இறக்கிக்கொண்டு, பிறகு நல்ல இணைப்பு கிடைக்கும்போது 'அன்ஷாலோ' கொடுத்து மீதி வரலாற்றை நிரப்புவது. அதற்கும் இணைப்பு தாங்கவில்லையென்றால், முழுமையாக இறக்கி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து பென்டிரைவில் களஞ்சியக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து, 'ரிமோட்' முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் பாதிப்பேர் அப்படித்தான் தொடங்கினார்கள்.

ராமேஸ்வரம் தீவின் கிழக்குப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கைபேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் இணைப்பு வந்து வந்து போகும். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி நம் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

பிழையில் 'சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்ற பொருளில் ஏதாவது வந்தால் இணைப்பை விட்டுவிட்டுக் கணினியின் தேதியைப் பாருங்கள். அதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

அறிகுறி: மேக் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் சாகிறது

மேக் என்பது கம்பைல் வேலையை வரிசையாக நடத்தும் கட்டளை. இந்த அறிகுறிக்கு மூன்று கிளைகள் உண்டு. திரையின் கடைசிப் பத்து வரிகளைப் படித்தால் எந்தக் கிளை என்று தெரிந்துவிடும்.

*'கில்டு' என்ற சொல்லோடு நின்றால்:* நினைவகம் போதவில்லை. கெர்னல் கம்பைலரைக் கொன்றுவிட்டது. 'டிமெஸ்ஜி' கட்டளையில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மேக் கட்டளைக்குக் கொடுக்கும் ஜே எண்ணை (ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் என்பது) 8 இலிருந்து 2 ஆகக் குறைத்தாலே பெரும்பாலும் முடிந்துவிடும். அடுத்து, கான்ஃபிகர் (மேக்குக்கு முன் கணினிக்கேற்ப அமைக்கும் படி) செய்தபோது 'எனேபிள் ஆப்டிமைசேஷன்ஸ்' கொடுத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அது மொழியை வேகமாக ஓட்ட நினைப்பவர்களுக்கானது; திருத்தம் எழுதுகிறவர்களுக்கு 'வித் பைடீபக்' மட்டும் போதும், கம்பைல் நேரமும் வெகுவாகக் குறையும். இவ்விரண்டும் பலிக்காதபோது ஸ்வாப் கோப்பு (வட்டில் ஒதுக்கும் கூடுதல் நினைவிடம்) உருவாக்குங்கள், அதன்பின்தான் கூடுதல் ராம் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

*'இன்டர்னல் கம்பைலர் எரர்' அல்லது 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒவ்வொரு முறையும் வேறு கோப்பில் நின்றால்:* இது கடற்கரை நோய். நிரலில் பிழை இருந்தால் கம்பைலர் ஒரே கோப்பில்தான் திணறும். இன்று ஒரு கோப்பிலும் நாளை இன்னொரு கோப்பிலும் திணறினால், சூடோ ராமோ காரணம். முதலில் விசிறியைத் திறந்து பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் உப்பும் சேர்ந்து ஹீட்சிங்கின் இடுக்குகளில் பிசுபிசுத்த சாம்பல் நிறப் படலமாக அடைத்துக்கொள்ளும். காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் அதைத் தட்டி எடுக்க வேண்டும், ஈரத்துணி கூடாது.

அதற்குப் பிறகும் நின்றால் ராம் பட்டையைக் கழற்றுங்கள். கழற்றுமுன் மின்கம்பியைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்து ஒருமுறை சொல்லாமல் விட்டதால், ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். போன ஆண்டு ஒரு மாணவர் கொண்டுவந்த கணினியில், பட்டையின் தங்க நிறப் பற்களில் பதினோராவது பல்லிலிருந்து ஏழெட்டுப் பற்கள் வரைக்கும் பாசி படிந்தாற்போல மங்கலான பச்சை ஏறியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை அழிப்பானால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, சொருகும் இடத்தையும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி மீண்டும் பொருத்தினோம். "அண்ணே, இந்தத் தடவை கடைசிவரைக்கும் போயிருச்சு" என்று அவர் சொன்னபோது செலவு அழிப்பானின் விலை மட்டும்தான்.

துடைத்தும் தீராவிட்டால் 'மெம்டெஸ்ட்86+' ஐ ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தால்கூட அந்தப் பட்டையை மாற்றிவிட வேண்டும். பட்டையை மாற்றியும் பிழை தொடர்ந்தாலோ, மதர்போர்டில் மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தாலோ, பச்சை அரிப்பு தடங்களின்மேலேயே ஏறியிருந்தாலோ நம் கைவேலை அத்தோடு முடிந்தது. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் கொண்டுபோய்ப் பழுது பார்க்கிறவரிடம் கொடுங்கள். அரித்த மதர்போர்டுக்குச் செலவு செய்வதைவிடப் பழைய இன்னொரு கணினி வாங்குவது மலிவாக முடியும் என்பது என் கணிப்பு.

*'கிளாக் ஸ்க்யூ' என்ற எச்சரிக்கை வந்தால்:* மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்தடைக்குப் பிறகு கணினி பழைய ஆண்டு ஒன்றில் விழித்துக்கொள்கிறது. நேற்று சேமித்த மூலக்கோப்புகள் எல்லாம் எதிர்காலத்தில் எழுதப்பட்டவையாகத் தெரிவதால் மேக் குழம்புகிறது. பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, 'மேக் கிளீன்' கொடுத்துவிட்டு முதலிலிருந்து கம்பைல் செய்யுங்கள். கிளீன் கொடுக்காமல் தொடர்ந்தால் அடுத்துவரும் அறிகுறியில் மாட்டிக்கொள்வீர்கள்.

அறிகுறி: திருத்தினேன், ஆனால் பழையபடியே ஓடுகிறது

எளிய காரணம், நீங்கள் ஓட்டுவது நீங்கள் கம்பைல் செய்த பைத்தான் அல்ல, கணினியோடு வந்த பைத்தான். முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட்டு அந்தக் கோப்புறையில் உள்ளதைத்தான் அழைக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்து, சந்தேகப்படும் மாட்யூலை இறக்குமதி செய்து அதன் 'ஃபைல்' பண்பை அச்சிட்டால் எந்தக் கோப்பு ஓடுகிறது என்று தெரிந்துவிடும். உங்கள் கோப்புறையிலேயே 'ராண்டம்.பை' அல்லது 'ஸ்ட்ரிங்.பை' என்ற பெயரில் பயிற்சிக் கோப்பு ஒன்று கிடந்தால், செந்தர நூலகத்துக்குப் பதில் அதுதான் ஏறும். பைத்தான் 3.13 பதிப்பு முதல் பிழைச்செய்தியே அந்தக் கோப்பின் பெயரை மாற்றிப் பார்க்கச் சொல்கிறது. பழைய பதிப்புகளில் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

சி கோப்பைத் திருத்தியும் 'செய்ய எதுவும் இல்லை' என்று மேக் சொன்னால், மேலே சொன்ன கடிகாரக் கோளாறுதான். திருத்திய கோப்பின் நேரம் அதன் ஆப்ஜெக்ட் கோப்பின் (கம்பைல் செய்து கிடைத்த கோப்பு) நேரத்துக்கு முந்தியதாக இருக்கிறது.

நிறுவப்பட்ட பைத்தானில் 'ஓஎஸ்' போன்ற அடிப்படை மாட்யூலைத் திருத்தியும் பலனில்லை என்றால், 3.11 முதல் அத்தகைய சில மாட்யூல்கள் இயக்கிக்குள்ளேயே உறைய வைக்கப்பட்டிருப்பது காரணம். மூலக் கோப்புறையிலிருந்து நேராக ஓட்டினால் இந்தச் சிக்கல் வராது.

அறிகுறி: கம்பைல் முடிந்தது, ஆனால் சில மாட்யூல்கள் இல்லை

முடிவில் 'இந்த மாட்யூல்களைக் கட்டத் தேவையானவை கிடைக்கவில்லை' என்ற பொருளில் ஒரு பட்டியல் வரும். அது பிழையாக எண்ணப்படாததால் யாரும் படிப்பதில்லை. பிறகு பிப் (தொகுப்புகளை நிறுவும் கருவி) ஓடும்போது 'எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை' என்று வந்து நிற்கும். பட்டியலில் உள்ளவற்றுக்குரிய 'டெவ்' தொகுப்புகளை நிறுவுங்கள்: எஸ்எஸ்எல்லுக்கு ஓபன்எஸ்எஸ்எல், சிடைப்ஸுக்கு லிப்எஃப்எஃப்ஐ, மற்றவை எஸ்க்யூலைட், இசட்லிப், ரீட்லைன். நிறுவியபின் கான்ஃபிகரை மறுபடி ஓட்டாமல் மேக்கை மட்டும் ஓட்டுவதுதான் பத்தில் ஒன்பது பேர் செய்யும் தவறு. பழைய லினக்ஸில் நிறுவியும் எஸ்எஸ்எல் வராவிட்டால் பதிப்பைப் பாருங்கள், பைத்தான் 3.10 முதல் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்குப் பிந்தையது தேவை.

'மேக் இன்ஸ்டால்' கொடுக்கும் ஆசை வந்தால் 'ஆல்ட்இன்ஸ்டால்' கொடுங்கள். கணினியோடு வந்த பைத்தானை அடிமாற்றினால் லினக்ஸின் சொந்தக் கருவிகள் சிலவும் அதோடு சாயும். ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்தில் அப்படிச் சாய்ந்ததை மீட்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அறிகுறி: சோதனைகள் தோற்கின்றன

நானூறுக்கும் மேற்பட்ட சோதனைக் கோப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஓட்டி, நான்கு தோற்றுவிட்டன என்று பதறுகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் திருத்தம் இல்லாமல் அந்த நான்கும் வெற்றிபெறுகின்றனவா என்பதுதான். 'கிட் ஸ்டாஷ்' கொடுத்துத் திருத்தத்தை ஒதுக்கி வைத்து, தோற்ற சோதனைகளை மட்டும் தனித்தனியாக ஓட்டுங்கள்.

*திருத்தம் இல்லாமலும் தோற்றால்:* சூழல் காரணமாக இருக்கலாம். ரூட் கணக்கில் ஓட்டினால், 'அனுமதி மறுக்கப்பட வேண்டும்' என்று எதிர்பார்க்கும் சோதனைகள் தோற்கும், ஏனென்றால் ரூட்டுக்கு எதுவும் மறுக்கப்படுவதில்லை. சாதாரணக் கணக்குக்கு மாறுங்கள். வலை தேவைப்படும் சோதனைகளை நீங்களே இயக்கச் சொல்லியிருந்தால் ஹாட்ஸ்பாட்டின் தடுமாற்றமே தோல்வியாகத் தெரியும். நேர மண்டலம் கிடைக்கவில்லை என்று 'ஸோன்இன்ஃபோ' மாட்யூல் சொன்னால் 'டிஇசட்டேட்டா' தொகுப்பை நிறுவுங்கள். அதை நிறுவியும் 'ஆசியா/கல்கத்தா' என்ற பழைய பெயர் மட்டும் கிடைக்காவிட்டால், புதிய டெபியன், உபுண்டு பதிப்புகளில் பழைய பெயர்கள் 'டிஇசட்டேட்டா-லெகசி' என்ற தனித் தொகுப்புக்குப் போய்விட்டன. நிரலில் 'ஆசியா/கொல்கத்தா' என்று மாற்றி எழுதுவதே முறை.

நேரம் பற்றியே இன்னொன்று. தாத்தா இலங்கை வானொலி கேட்டுக் குறித்துவைத்த நேரங்களை ஒரு மாணவி கணினியில் ஏற்றினார். 1997 ஆம் ஆண்டுக் குறிப்புகளில் கொழும்புக்கும் நமக்கும் அரை மணி நேரம் வித்தியாசம் வருகிறது, ஸோன்இன்ஃபோவில் பிழை என்று புகார் எழுதப் போனார். பிழை இல்லை. இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்துக்கு ஆறரை மணி முன்னிலைக்கும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணிக்கும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. கடந்தகால நேரம் தொடர்பாகப் புகார் எழுதுமுன் அந்த ஊரின் கடிகார வரலாற்றைப் பாருங்கள்.

*திருத்தத்தோடு மட்டும் தோற்றால்:* பழுது உங்களுடையதுதான். திருத்தம் இல்லாமலும் தோற்று, மற்றவர் யாரோ செய்த மாற்றம் என்று தோன்றினால் 'கிட் பைசெக்ட்' (வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கட்டளை) அதைக் காட்டிக்கொடுக்கும்; ஆயிரம் கமிட்டுகளுக்கு (பதிவான மாற்றங்களுக்கு) நடுவிலும் ஏறத்தாழ பத்துப் படிகளில் முடிந்துவிடும். ஒவ்வொரு படிக்கும் ஒரு கம்பைல் என்பதால் பழைய கணினியில் சனிக்கிழமை முழுக்கப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'டெப்த்' கொடுத்து இறக்கிய 'ஷாலோ' குளோனில் பைசெக்ட் பலிக்காது, வரலாறு அங்கே இல்லை.

*முழுத் தொகுப்பாக ஓட்டினால் தோற்று, தனியாக ஓட்டினால் வென்றால்:* முந்தைய ஏதோ ஒரு சோதனை தன் சூழலைச் சுத்தம் செய்யாமல் போயிருக்கிறது. ஓடிய வரிசையைக் குறித்துக்கொண்டு, முன்னே ஓடியவற்றைப் பாதி பாதியாகக் கழித்துப் பாருங்கள்.

*'லீக்ட்' என்ற சொல்லோடு மூன்று எண்கள் வந்தால்:* சி நிரலில் ஒரு பொருளின் குறிப்பு எண்ணிக்கையை (அதை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு) கூட்டிவிட்டுக் குறைக்க மறந்திருக்கிறீர்கள். ஆர் விருப்பத்தில் 3:3 கொடுத்து ஓட்டும்போது மூன்று எண்களும் ஒன்றுபோல 1, 1, 1 என்று வந்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பொருள் கசிகிறது என்று உறுதி. பிழை நேர்ந்தால் திரும்பிப் போகும் கிளைகளை முதலில் பாருங்கள், அங்கேதான் பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். தேவைக்கு மேல் குறைத்திருந்தால் கசிவுக்குப் பதில் செக்மென்டேஷன் ஃபால்ட் வரும்; அது ஒரே இடத்தில் வருவதால் ராம் கோளாறிலிருந்து பிரித்தறியலாம். ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் அழைப்புத் தடத்தை எடுத்துப் பார்த்தும் இரண்டு நாளில் பிடிபடவில்லை என்றால், அந்தத் தடத்தோடு அந்த மாட்யூலைப் பராமரிக்கும் மேம்பாட்டாளரைக் கேளுங்கள்.

அறிகுறி: தமிழ்ச் சொல்லில் மட்டும் விடை தப்பாக வருகிறது

மீன் விலைப்பட்டியல் எழுதிய ஒருவர், அகராதியில் 'கொடுவா' இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது என்று வந்தார். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. 'லென்' கொடுத்து நீளத்தைப் பார்த்தால் ஒன்றுக்கு 6, மற்றதுக்கு 7. ஒரு விசைப்பலகை 'கொ' வின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும், இன்னொன்று ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் எழுதியிருந்தன. 'யூனிகோடுடேட்டா' மாட்யூலின் 'நார்மலைஸ்' கொண்டு, உள்ளே வரும் எல்லாச் சொற்களையும், குறிகளை ஒற்றையாகச் சேர்த்தெழுதும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிட்டால் முடிந்தது. மாறிகளின் பெயர்களைப் பைத்தான் தானே இப்படி ஒருமைப்படுத்திக்கொள்கிறது. மேற்கோள்குறிக்குள் உள்ள சொற்களை அது தொடுவதில்லை.

உரையில் எழுத்து வடிவங்களைத் தேடும் 'ரீ' மாட்யூலில் சொல் எழுத்துக்கான 'டபிள்யூ' குறி 'கொடுவா'வை க, ட, வ என்று மூன்று துண்டுகளாக உடைப்பதும், 'இஸ்ஆல்ஃபா' பொய் என்று சொல்வதும் வேறு கதை. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாத பழைய வரையறை அது. நெடுநாளாகத் தெரிந்த குறை என்பதால் புதுப் புகார் எழுத வேண்டாம். இப்போதைக்கு வெளியிலிருந்து நிறுவும் 'ரெஜெக்ஸ்' மாட்யூலைப் பயன்படுத்துங்கள். ஒரு செந்தர நூலகத்தில் இந்தக் குறை இத்தனை காலம் நீடிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் இந்தப் பழைய நடத்தையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உலகெங்கும் ஓடுகின்றன என்பதும் மறுக்க முடியாதது.

அறிகுறி: நேற்றுவரை ஓடியது, புதிய பதிப்பில் மாட்யூலே இல்லை

பழுது இல்லை, நீக்கம். 'டிஸ்ட்யூட்டில்ஸ்', 'இம்ப்', 'எசின்கோர்' ஆகியவை 3.12 இல் போயின. 'சிஜிஐ', 'டெல்நெட்லிப்' உட்பட 19 மாட்யூல்கள் 3.13 இல் போயின. பழைய பதிப்பில் எச்சரிக்கைகளைப் பிழையாக மாற்றி ஓட்டினால் இனிப் போகவிருப்பவையும் முன்கூட்டியே தெரியும்.

அறிகுறி: புல் ரிக்வெஸ்டில் சிவப்புக் குறி

புல் ரிக்வெஸ்ட் என்பது உங்கள் திருத்தத்தை ஏற்கும்படி கிட்ஹப்பில் அனுப்பும் கோரிக்கை. அதில் சிவப்பு வந்தாலும் பெரும்பாலும் சோதனை தோற்றிருக்காது. பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையொப்பம் இல்லை, அல்லது மாற்றத்தைச் சொல்லும் செய்திக் குறிப்பு சேர்க்கவில்லை. 'பிளர்ப்' கருவி அந்தக் குறிப்பை எழுதித் தரும். அடுத்து, கருவிகள் உருவாக்கும் கோப்புகளைப் புதுப்பிக்காமல் அனுப்பியிருப்பீர்கள். 'மேக் ரீஜென்-ஆல்' ஓட்டி மாறியவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். விண்டோஸில் மட்டும் சிவப்பு என்றால் கோப்புப்பாதை அல்லது வரிமுடிவுக் கோளாறு.

நீங்கள் கண்டது பாதுகாப்பு ஓட்டையாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் துளி எழுந்தாலும் பொது இடத்தில் எழுதாதீர்கள், குழு நண்பர்களிடமும் காட்டாதீர்கள். பைத்தானின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாகத் தெரிவித்துவிட்டு நில்லுங்கள். மற்றபடி எல்லாம் பச்சையாகியும் ஒரு மாதமாக யாரும் பார்க்கவில்லை என்றால், மேம்பாட்டாளர் கையேட்டில் உள்ள வல்லுநர் பட்டியலில் அந்த மாட்யூலுக்கு உரியவரைத் தேடி, புல் ரிக்வெஸ்டிலேயே ஒரே ஒரு முறை பணிவாக நினைவூட்டலாம். பட்டியலில் அந்த மாட்யூலுக்கு எதிரே பெயரே இல்லாவிட்டால், அந்தக் கோப்பைக் கடைசியாகத் திருத்தி ஏற்றுக்கொண்டவர் யார் என்று 'கிட் லாக்' காட்டும்.